பால்மாப் பேணியில் சேர்ந்த குற்றிக்காசை வங்கிக்குக் கொண்டுபோகும் முறை

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினி அலமாரியின் மேல்தட்டில் ஒரு பால்மாப் பேணி இருக்கிறது. பஸ்ஸில் வந்து இறங்கினால் அம்மா முதலில் செய்யும் வேலை, கைப்பையின் அடியில் கிடக்கும் குற்றிகளை அதற்குள் போடுவதுதான். சென்ற மாதம் அதை இறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கடையில் மிச்சக் காசுக்குப் பதிலாக டொபி நீட்டுகிறார்கள், பஸ்ஸில் ஐந்து ரூபாய் மிச்சத்துக்குக் காத்து நிற்கிறோம். அப்படிப்பட்ட ஊரில் இவ்வளவு சில்லறை பேணிக்குள் முடங்கிக் கிடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. எண்ணிச் சுற்றி வங்கியில் போட்டுவிட்டேன். முதல் தடவை செய்பவர்களுக்காக, நான் தவறிய இடங்களையும் சேர்த்து எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் உங்கள் வங்கிக் கிளைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். சில்லறையை எந்த நாளில், எப்படிக் கட்டித் தந்தால் வசதி என்று கேளுங்கள். எங்கள் கிளையில், ஒரே பெறுமதியுள்ள நூறு குற்றிகளை ஒரு பையில் போட்டுத் தரச் சொன்னார்கள். உங்கள் கிளையில் வேறு மாதிரிச் சொல்லலாம். கேட்காமல் போனால் சுற்றிய எல்லாவற்றையும் அங்கேயே பிரிக்க நேரிடும்.

தேவையானவை: பழைய பத்திரிகை அல்லது கொப்பித் தாள், அடிமட்டம், கத்தரிக்கோல், கொஞ்சம் பசை, பேனை, பொலித்தீன் பைகள், ஒரு சிறிய காந்தம். பத்திரிகைத் தாளைவிடக் கொப்பித் தாளே நல்லது. பத்திரிகை கையில் மை ஒட்டும், பாரத்தில் கிழியும்.

முதலில் பிரிப்பு

எல்லாவற்றையும் ஒரு பெரிய சுளகில் கொட்டுங்கள். இந்த வேலையில் அவசரப்பட்டால் பிறகு எல்லாமே பிழையாகிவிடும். பத்து, ஐந்து, இரண்டு, ஒன்று என்று நான்கு கோப்பைகளில் போடுங்கள். நிறத்தைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். மஞ்சள் நிறத்தில் ஐந்து ரூபாயும் உண்டு, ஒரு ரூபாயும் உண்டு. இரண்டுமே வெள்ளை நிறத்திலும் வருகின்றன. இலக்கத்தைப் பாருங்கள்.

ஒரே பெறுமதியிலும் பழையது, புதியது என்று இருக்கிறது. எண்பதுகளில் வந்த இரண்டு ரூபாய், செம்பும் நிக்கலும் கலந்து வார்த்தது. 2005க்குப் பின் வந்தது உருக்கில் செய்தது, எடையும் குறைவு. காந்தத்தை மெல்லக் கிட்டக் கொண்டுபோங்கள்: உருக்குக் குற்றி துள்ளி ஒட்டிக்கொள்ளும், பழையது அசையாமல் கிடக்கும். வங்கிக்கு இரண்டும் ஒரே பெறுமதிதான். ஆனால் பின்னால் தராசில் சரிபார்ப்பதற்கு இந்தப் பிரிப்பு வேண்டும்.

சுளகில் வெளிநாட்டுக் காசும் கிடக்கும், கவனம். எங்கள் வீட்டுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்துபோன உறவுகளின் கால்டொலர்க் குற்றி ஐந்து ரூபாய்களுக்குள் கலந்திருந்தது. அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், புரட்டிப் பார்த்தால்தான் கலைமானின் தலை தெரியும். சத நாணயங்களைத் தனியாக வையுங்கள். பத்து ரூபாய்களில் 2013ஆம் ஆண்டுக்கு உரியவை இருந்தால் சுற்றுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். 25 மாவட்டங்களுக்கும் தனித்தனிக் குற்றி வெளியிட்ட ஆண்டு அது, பிள்ளைகள் சேர்க்க ஆசைப்படுவார்கள்.

இன்னொன்று: மஞ்சள் துணியில் முடிந்த காசு ஏதும் பேணிக்குள் இருந்தால் அவிழ்க்காதீர்கள். அது நேர்த்திக் காசு. எங்கள் பேணியில் அப்படி ஒரு முடிச்சு இருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் வாங்கிச் சாமிப்படத்தின் கீழே வைத்துவிட்டார்.

அழுக்குப் பிடித்தவற்றைச் சவர்க்கார நீரில் கழுவித் துவாயில் உலர்த்துங்கள். புளியோ வினாகிரியோ வேண்டாம், முலாம் கெட்டுவிடும். ஈரம் காயாமல் சுற்றினால் தாள் ஊறிப்போகும்.

எண்ணுதல்

பத்தையும் ஐந்தையும் இருபது இருபதாக அடுக்கினேன். இரண்டையும் ஒன்றையும் இருபத்தைந்தாக அடுக்கினேன். ஓர் அடுக்கைத் தாளில் சுற்றினால் அது ஒரு சுருள். அப்படியானால் ஐந்து சுருளோ நான்கு சுருளோ சேர்ந்தால் நூறு குற்றி, ஒரு பைக்குக் கணக்குச் சரி. மேசையில் ஐந்து ஐந்தாகச் சிறு அடுக்குகள் வைத்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுங்கள். எல்லா அடுக்கும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தாலோ உயர்ந்தாலோ அடிமட்டத்தை மேலே கிடையாகப் பிடித்தால் உடனே தெரிந்துவிடும்.

சுற்றுதல்

தாளின் அகலம் அடுக்கின் உயரத்தைவிட இரண்டு பக்கமும் ஒன்றரைச் சென்ரிமீற்றர் கூடுதலாக இருக்கட்டும். நீளம் குற்றியை மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். ஐந்து ரூபாய்க்கு 22 சென்ரிமீற்றர் போதும்.

நிறுத்திவைத்த அடுக்கைச் சுற்றப் போனால் அது சரிந்து விழும். நான் நாலைந்து தடவை பொறுக்கிய பிறகுதான் வழி பிடிபட்டது. ஒரு தடித்த அகராதியை நடுவில் விரியுங்கள். நடுமடிப்பில் தாளை வைத்து, அதன்மேல் அடுக்கைப் படுக்கையாகக் கிடத்துங்கள். மடிப்பின் பள்ளம் குற்றிகளை உருளவிடாது. இரண்டு பெருவிரல்களாலும் தாளின் கிட்டிய விளிம்பைக் குற்றிகளுக்கு மேலே மடித்து, மற்ற விரல்களால் இரண்டு முனைகளையும் உள்நோக்கி அழுத்தியபடி முன்னே உருட்டுங்கள். முதல் சுற்று இறுகினால் மற்றவை தாமாக இறுகும். இளகினால் திரும்பப் பிரித்துச் சுற்றுங்கள். விளிம்பில் ஒரு துளி பசை. முனைகளை முக்கோணமாக மடித்து உள்ளே தள்ளி, மேசையில் ஒரு தட்டுத் தட்டுங்கள்.

செலோ டேப்பால் சுற்றிச் சுற்றிக் கட்ட வேண்டாம். காசாளர் பிரித்துப் பார்க்கத்தான் போகிறார். அவருடைய நகத்துக்கும் நேரத்துக்கும் மரியாதை கொடுப்போம்.

ஒவ்வொரு சுருளிலும் பெறுமதி, எண்ணிக்கை, மொத்தம் மூன்றையும் எழுதுங்கள்: "ரூ. 5 × 20 = 100". சமையல் தராசு இருந்தால், ஒரே வகைக் குற்றியுள்ள சுருள்களை ஒவ்வொன்றாக நிறுத்துப் பாருங்கள். எடை வேறுபட்டால் அந்தச் சுருளைப் பிரித்து எண்ணுங்கள். முதல் தடவை இதைச் செய்யாமல் போனேன். ஒரு சுருளில் 19 குற்றி இருந்ததால் எல்லாவற்றையும் பிரித்து எண்ணினார்கள், எனக்குப் பின்னால் வரிசை நீண்டது. அன்று மிகவும் வெட்கப்பட்டேன்.

வங்கியில்

சம்பள நாட்களையும் மாத முடிவையும் தவிருங்கள். மாத நடுவில், வார நாளில், காலை பத்து மணியளவில் போங்கள். பாரத்தை ஒரே பையில் போடாமல் இரண்டு துணிப்பைகளில் பிரித்துக்கொள்ளுங்கள். வைப்புச் சீட்டில் ஒவ்வொரு பெறுமதியின் எண்ணிக்கையையும் வீட்டிலேயே கணக்குப் பார்த்து எழுதிக்கொண்டு போங்கள்.

இந்தத் தடவை எங்கள் கணக்கு இது: பத்து ரூபாயில் 6 சுருள், 1,200. ஐந்து ரூபாயில் 14 சுருள், 1,400. இரண்டு ரூபாயில் 9 சுருள், 450. ஒரு ரூபாயில் 8 சுருள், 200. மொத்தம் 3,250 ரூபாய். ஒரு பைக்கு நூறு குற்றி நிரம்பாத சுருள்களை மிச்சம் என்று எழுதி வேறு பையில் கொடுத்தேன்.

காசாளர் பையைத் திறந்து ஒரு சுருளை எடுத்து, எழுதியிருந்ததைப் படித்தார். "நீங்களே சுற்றினீர்களா, தங்கச்சி?" என்று கேட்டார். இரண்டு சுருளை மட்டும் பிரித்து எண்ணிவிட்டு முத்திரையைக் குத்தினார். சுருளுக்குப் போதாத 37 ரூபாய் பேணியிலேயே இருக்கிறது. நேற்று மாலை பஸ்ஸில் வந்து இறங்கிய அம்மா, அதற்குள் இன்னும் இரண்டு குற்றி போட்டார்.