20 சதவீதம் போதாது: முதல் வீட்டுக்குக் கைப்பணம் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம், சம்பள வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 வாங்க எங்கள் கணக்குப் பிரிவுக்கு வந்த இளைஞர் ஒருவர் முகமெல்லாம் மலரச் சொன்னார்: "அக்கா, பத்து லட்சம் சேர்ந்துவிட்டது. மாடம்பாக்கத்தில் ஐம்பது லட்சத்துக்கு ஒரு வீடு பார்த்திருக்கிறேன். கட்டி எட்டு வருடம் ஆன அடுக்குமாடி. மீதி நாற்பதை வங்கி தந்துவிடும்."

2018-இல் ஏறக்குறைய இதே வார்த்தைகளை நானும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கணக்கை நம்பி இரண்டு லட்ச ரூபாயையும் ஐந்து ஆண்டுகளையும் இழந்தேன். அவரை உட்கார வைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதற்கு முந்தைய மாதம் இன்னொருவருக்கு, அதற்கும் முன்பு வேறொருவருக்கு என்று அதே தாளைத் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

சம்பளம் வந்த அன்றே எடுத்து வையுங்கள், வீண்செலவைக் குறையுங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. வீட்டுக்காக மாதாமாதம் பணம் ஒதுக்குகிறவருக்கு அது தெரியும். ஒழுங்காகச் சேர்ப்பவர்களும் சறுக்குகிற இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விலையில் 20 சதவீதம் இருந்தால் வீடு வாங்கிவிடலாம் என்று நம்புவது

இந்த 20 சதவீதம் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். வீட்டுக் கடன் 30 லட்சம் வரை இருந்தால் சொத்து மதிப்பில் 90 சதவீதமும், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதமும், அதற்கு மேல் 75 சதவீதமும் வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த உச்சவரம்பு. கொடுத்தே ஆக வேண்டும் என்பதல்ல. இதற்கு மேல் கொடுக்கக் கூடாது என்பதே அதன் பொருள்.

இதில் 'சொத்து மதிப்பு' என்ற சொல்தான் ஆளைக் கவிழ்க்கிறது. நீங்களும் விற்பவரும் பேசி முடித்த விலையை வங்கி அப்படியே ஏற்காது. தன் மதிப்பீட்டாளரை அனுப்பும். ஒப்பந்த விலை, அவர் எழுதித் தரும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் கடன். அடுத்தது, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. பத்து லட்சத்துக்கு மேற்படாத வீடுகளுக்கு மட்டுமே அவற்றைச் சேர்த்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது. சென்னைப் பக்கம் பத்து லட்சத்துக்கு வீடு எங்கே இருக்கிறது? ஆக, பத்திரச் செலவு முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போக வேண்டும்.

தமிழ்நாட்டில் அது சிறிய தொகை அல்ல. மறுவிற்பனை வீட்டுக்கும் மனைக்கும் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. நான் வீடு தேடி அலைந்த 2018-இல் பதிவுக் கட்டணமே 4 சதவீதமாக இருந்தது, மொத்தம் 11. புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு 2023 டிசம்பர் முதல் விகிதம் சற்றுக் குறைவுதான். ஆனால் கட்டிக்கொண்டிருக்கும் நிலையிலேயே வாங்கினால் ஜி.எஸ்.டி. சேர்ந்துகொள்ளும்.

என் கதைக்கு வருகிறேன். மாதம் 12,500 ரூபாய் வீதம் ஆறு ஆண்டுகளில் ஒன்பது லட்சம் சேர்த்திருந்தேன். சேலையூரில் இரண்டு படுக்கையறை வீடு, விலை 42 லட்சம். 20 சதவீதம் என்றால் 8 லட்சத்து 40 ஆயிரம். கையில் ஒன்பது இருக்கிறதே என்று இரண்டு லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 90 நாள் கெடுவில் கிரய ஒப்பந்தம் எழுதிவிட்டோம். பிறகுதான் வங்கிக்குப் போனேன். முறை தலைகீழ் என்பது அப்போது தெரியவில்லை.

வங்கியின் மதிப்பீட்டாளர் 39 லட்சம் என்று எழுதினார். 80 சதவீதம் 31 லட்சத்து 20 ஆயிரம். கையிலிருந்து போட வேண்டியது 10 லட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. பத்திரச் செலவு 4 லட்சத்து 62 ஆயிரம். தரகருக்கு ஒரு சதவீதம், 42 ஆயிரம். வழக்கறிஞர் கருத்துரை, வங்கியின் பரிசீலனைக் கட்டணம், பத்திரம் எழுதும் கூலி, அடமானத்தைப் பதிவு செய்யும் செலவு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 60 ஆயிரம். கூட்டினால் 16 லட்சத்து 44 ஆயிரம். என்னிடம் இருந்தது ஒன்பது.

துண்டு விழுந்த ஏழரை லட்சத்துக்கு என்ன செய்வது? "தனிநபர் கடன் போட்டுச் சமாளித்துவிடலாம் அம்மா, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்றார் தரகர். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது. நகையை அடகு வைத்து இரண்டரை லட்சம், அண்ணனிடம் கைமாற்றாக ஒரு லட்சம், தனிநபர் கடன் நான்கு லட்சம் என்று பணத்தைப் புரட்டினோம். தனிநபர் கடன் 15 சதவீத வட்டிக்கு, மூன்று ஆண்டுகளுக்கு. மாதத் தவணை 13,866 ரூபாய்.

வீட்டுக் கடனைப் பட்டுவாடா செய்வதற்கு முன்பு வங்கி எங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை மறுபடியும் எடுத்துப் பார்த்தது. புதிய கடன் அதில் ஏறியிருந்தது.

இங்கே ஒரு கணக்கைப் பொறுமையாகப் படியுங்கள். 8.75 சதவீத வட்டியில் 20 ஆண்டு வீட்டுக் கடனுக்கு லட்சத்துக்கு 884 ரூபாய் தவணை. எங்கள் இருவர் சம்பளத்துக்கும் மாதம் 29 ஆயிரம் வரை தவணை கட்ட முடியும் என்று வங்கி கணித்திருந்தது. அதாவது 33 லட்சம் வரை கடன் பெறும் தகுதி. அதிலிருந்து 13,866-ஐக் கழித்தால் மிஞ்சுவது 15 ஆயிரம் சொச்சம். தகுதி 17 லட்சத்துக்கு இறங்கிவிட்டது. நான்கு லட்சம் தனிநபர் கடனால் பதினைந்து லட்சத்துக்கும் மேலான வீட்டுக் கடன் பறிபோனது. குறுகிய காலக் கடனின் தவணை பெரிது, நீண்ட காலக் கடனின் தவணை சிறிது என்பதால் இப்படி ஆகிறது. அந்தத் தரகருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது.

90 நாள் முடிந்தது. விற்பவர் ஒப்பந்தத்தில் இருந்தபடி அட்வான்ஸைத் தர மறுத்துவிட்டார். இரண்டு லட்சம் என்பது எனக்குப் பதினாறு மாதச் சேமிப்பு. தனிநபர் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம், நகையை மீட்க வட்டி வேறு. 2023 ஆவணியில்தான் வேறொரு வீட்டைப் பதிவு செய்தேன்.

எனவே கடனைச் சேர்க்காமல் விலையில் மூன்றில் ஒரு பங்கு கையில் வரும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்தத் தம்பியின் 50 லட்சத்துக்கு: வங்கி போக 10 லட்சம், பத்திரம் நாலரை லட்சம், தரகு, மற்ற செலவுகள் ஒன்று முதல் ஒன்றேகால் லட்சம். இதுவே பதினாறை நெருங்குகிறது. மதிப்பீடு இரண்டு லட்சம் குறைந்து வந்தால் இன்னும் ஒரு லட்சத்து 60 ஆயிரம் தேவை. அந்த எண்ணைப் பார்த்ததும் அவர் முகம் வாடிவிட்டது. எனக்கும் வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் இன்னும் அட்வான்ஸ் கொடுத்திருக்கவில்லை.

கடன் கிடைக்காவிட்டால் என்ன என்பதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விடுவது

'வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பித் தர வேண்டும்' என்று ஒரே ஒரு வரி. பல விற்பனையாளர்கள் சற்று முகம் சுளித்துவிட்டு ஒப்புக்கொள்வார்கள். அடியோடு மறுப்பவரிடம் சிறிய தொகையை மட்டும் கொடுங்கள். கட்டுநரிடம் புதிதாக வாங்குவோருக்கு ரெரா எனப்படும் வீட்டுமனைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு துணை நிற்கிறது: பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கக் கூடாது.

பாதி ரொக்கம் கேட்பவரிடம் வாங்குவது

வேண்டாம். ரொக்கமாகத் தரும் பங்கு பத்திரத்தில் வராது; பத்திரத்தில் விலை குறைந்தால் கடனும் குறையும். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்பது 2015 ஜூன் முதல் சட்டம்.

இரண்டே ஆண்டில் தேவைப்படும் பணத்தைப் பங்குச் சந்தையில் போடுவது

வங்கி வைப்புத்தொகையின் வட்டி குறைவு என்று சொல்லி, கைப்பணம் முழுவதையும் பங்குசார் பரஸ்பர நிதிக்கு மாற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். 2020 ஜனவரியில் 12,300-ஐத் தாண்டியிருந்த பங்குச் சந்தைக் குறியீடான நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-இல் முடிந்தது. அந்த நவம்பரில் பழைய உயரத்துக்கு மீண்டதும் உண்மை. ஆனால் ஏப்ரலில் கிரயம் முடிக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டவர் நவம்பர் வரை காத்திருக்க முடியாது. எங்கள் அலுவலகத்தில் ஒருவருக்கு இதுதான் நடந்தது. மூன்றில் ஒரு பங்கை இழந்த நிலையில் விற்று வெளியே வந்தார். பத்து ஆண்டு தள்ளி வாங்கப் போகிறீர்கள் என்றால் பங்குகள் சரி. கடைசி மூன்று ஆண்டுப் பணம் தொடர்வைப்பிலும் நிரந்தர வைப்பிலும் இருக்கட்டும்.

அதையும் ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். வங்கி மூழ்கினால் காப்பீடு தருவது ஒருவருக்கு ஒரு வங்கியில் வட்டியுடன் சேர்த்து ஐந்து லட்சம் வரைதான்.

பதிவில்லாத ஏலச்சீட்டு

சீட்டே தவறு என்று நான் சொல்லவில்லை. என் அம்மா சீட்டுக் கட்டித்தான் எங்களைப் படிக்க வைத்தார். ஆனால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தின்படி, சீட்டு நடத்துபவர் சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையைக் காட்டிப் பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். தெரு முனையில் தெரிந்த அக்கா நடத்துகிறார் என்பதற்காக வீட்டுப் பணத்தை அங்கே கட்டுகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. பதிவு எண்ணைக் கேளுங்கள்.

நகையாகச் சேர்ப்பது

செய்கூலியும் சேதாரமும் திரும்பி வராது.

வாடகை அட்வான்ஸையும் பி.எஃப். பணத்தையும் கணக்கில் சேர்ப்பது

இதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துக் குடியிருப்பவர்கள் ஏராளம். 12,000 வாடகை என்றால் 1 லட்சத்து 20 ஆயிரம். அதுவும் நம் பணம்தானே என்று கைப்பணத்தில் சேர்த்துவிடுகிறார்கள். வீட்டைக் காலி செய்த பிறகுதான் அது கைக்கு வரும். பணம் தேவைப்படுவதோ பதிவு நாளில், நீங்கள் இன்னும் அந்த வாடகை வீட்டில் இருக்கும்போது. அதோடு பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையையாவது பிடித்துக்கொள்வார்கள்.

பி.எஃப். பணத்திலும் இதே சிக்கல் உண்டு. பெயரில் ஓர் எழுத்து, பிறந்த தேதியில் ஓர் எண் ஆதாரோடு ஒத்துப்போகாவிட்டால் விண்ணப்பம் திரும்பி வரும். திருத்தம் செய்ய வாரங்கள் ஆகலாம். கணக்குப் பிரிவில் இருந்து இதை நாள்தோறும் பார்க்கிறேன். வீடு தேடத் தொடங்குவதற்கு முன்பே இந்தத் திருத்தங்களை முடித்துவிடுங்கள். பணம் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகு கிரயத் தேதியைக் குறியுங்கள்.

50 லட்சமோ அதற்கு மேலோ விலை இருந்தும் வரிப் பிடித்தத்தை மறப்பது

விற்பவருக்குத் தரும் தொகையில் 1 சதவீதத்தைப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. கூடுதல் செலவு அல்ல, மறந்தால் அபராதம்.

பதிவு நாளோடு சேமிப்பைத் துடைத்துவிடுவது

பத்திரம் கையில் வந்த மாதத்தில் வாடகையும் தவணையும் சேர்ந்தே வரும். மின் இணைப்புப் பெயர் மாற்றம், சொத்து வரிப் பெயர் மாற்றம், சங்கத்துக்கு வைப்புத்தொகை, ஒழுகும் குழாய், ஐயருக்கும் பால் காய்ச்சுவதற்கும் செலவு. மூன்று மாதத் தவணைக்கான தொகையைத் தனிக் கணக்கில் வையுங்கள். நான் 2023-இல் வைத்திருந்தேன்; இரண்டாம் மாதமே மாமனாருக்கு அறுவை சிகிச்சை வந்தது, தவணை தவறவில்லை.

இடையில் கைமாற்றுக் கொடுப்பது

தங்கை திருமணம், மச்சானின் கடை என்று கேட்கத்தான் செய்வார்கள். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுங்கள். கொடுத்த அன்றே அந்தத் தொகையை வீட்டுக் கணக்கிலிருந்து கழித்து, வீடு வாங்கும் ஆண்டையும் தள்ளி எழுதிவிடுங்கள். திரும்பி வந்தால் சேர்த்துக்கொள்ளலாம்.