பிரஸ்ஸுக்குப் போகும் முன்பே கெட்டுப்போகும் புத்தகங்கள்

வில்லுப்பாட்டுப் புலவருக்கு இரண்டு கையிலும் வில்லின் நாணில் அடிக்கிற வீசுகோல் இருக்கும். ஏடு வைத்துப் பாடுகிறவர் என்றால் அது எதிரே தானாக விரிந்து கிடக்க வேண்டும். கதை சூடு பிடித்திருக்கும் நேரத்தில் கையை எடுத்துப் பக்கத்தை அமுக்கிக்கொண்டிருக்க முடியாது. விளவங்கோடு பக்கம் பிறந்து, கொடை விழாக்களில் வில்லடி கேட்டுத் தூங்கி விழுந்து வளர்ந்த எனக்கு இது தெரியாமல் இல்லை. தெரிந்தும், 15 வருடத்துக்கு முன்னால் ஒரு புலவருக்கு அவருடைய கதைப்பாடல்களைப் பெர்ஃபெக்ட் பைண்டிங்கில், அதாவது தைக்காமல் முதுகில் பசை போட்டு ஒட்டுகிற முறையில் போட்டுக் கொடுத்தேன். அட்டை பளபளவென்று இருந்தது. முதல் கொடையிலேயே புத்தகம் எலிப்பொறி மாதிரி மூடிக்கொண்டது. ஒரு பக்கத்தில் செல்போனை வைத்தார்கள், மறுபக்கத்தில் விபூதித் தட்டை வைத்தார்கள். மூன்றாம் நாள் முதுகு பிளந்து தாள் தாளாகக் கையோடு வந்தது.

புலவர் கோபப்படவில்லை. “புக்கு நல்ல சேலாத்தான் இருக்கு மக்கா. வச்சு வாசிக்கத்தான் ஒக்க மாட்டேங்கு” என்றார்.

அந்தப் புத்தகத்துக்கு எழுத்துரு தேர்ந்தெடுக்க நான்கு நாள் செலவழித்திருந்தேன். தாள், பைண்டிங் இரண்டையும் “பிரஸ்ல பாத்துக்கிடுவாங்க” என்று கடைசியில் விட்டுவிட்டேன். குமரி மாவட்டத்தில் திருவிழா மலரோ குடும்ப வரலாறோ கவிதைத் தொகுப்போ போடுகிறவர்கள் அதிகம். என்னிடம் வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இன்றும் இதே வரிசையில்தான் வருகிறார்கள்: முதலில் அட்டைப் படம், பிறகு எழுத்துரு, பிறகு பக்க எண்ணிக்கை, கடைசியாக “தாள் ஏதாச்சும் நல்லதா போடுங்க”. வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால் பாதிப் பிரச்சினை தீரும். புத்தகம் எங்கே, எந்தக் கையில், எப்படி விரியப்போகிறது என்று முதலில் கேளுங்கள். அதற்கேற்ற பைண்டிங், பைண்டிங்குக்கு ஏற்ற தாள், அதன் பிறகு மார்ஜின். எழுத்துரு நான்காவதுதான்.

மார்ஜினையே எடுத்துக்கொள்வோம். பெர்ஃபெக்ட் பைண்டிங்கில் முதுகைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பசை போடுவார்கள். தாள் முழுதாக விரியாது. உள்பக்கம் ஒரு பள்ளத்துக்குள் போய்விடும். நான்கு பக்கமும் ஒரே அளவு மார்ஜின் வைத்துவிட்டு, திரையில் அழகாக இருக்கிறதே என்று திருப்திப்பட்டால் வரியின் முதல் எழுத்தோ கடைசி எழுத்தோ அந்தப் பள்ளத்தில் விழும். டெமி 1/8 அளவில் (ஐந்தரைக்கு எட்டரை அங்குலம்), 200 பக்கத்துக்கு மேல் போகிற புத்தகத்துக்கு உள் மார்ஜின் 20 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது என்பது என் கணக்கு. பாரம் பாரமாகத் (பெரிய தாளை மடித்து வரும் பக்கக் கட்டுதான் பாரம்) தைத்த புத்தகம் என்றால் 16, 17 போதும், ஏனென்றால் அது விரியும். நடு மடிப்பில் சென்டர் பின் அடிக்கிற சிறு நூல்களில் வேறொரு வினை உண்டு. மடிப்புக்குள் மடிப்பாகத் தாள் அடுக்கும்போது நடுப்பக்கங்கள் வெளியே பிதுங்கி நிற்கும், கட்டிங்கில் அந்தப் பிதுக்கம் போய்விடும். ஓரத்தில் ஒட்டிவைத்த பக்க எண்ணும் கூடவே போகும். 64 பக்கத்தைத் தாண்டினால் சென்டர் பின்னை மறந்துவிடுங்கள்.

தாளின் வாட்டம்

இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். வீணாய்ப்போன நல்ல புத்தகங்களில் பெரும்பாலானவை இங்கேதான் வீணாயின, ஆனால் யாரும் பேசுவதே இல்லை.

இன்று வந்த நாளிதழில் ஒரு தாளை எடுத்து மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். நூல் பிடித்தாற்போல நேராகப் போகும். இடமிருந்து வலமாகக் கிழித்தால் பல்லுப் பல்லாகக் கோணிக்கொண்டு ஓடும். மில்லில் தாள் ஓடுகிற திசையிலேயே நார்கள் படுத்துவிடுவதால் வருவது இது. பிரஸ்ஸில் கிரெயின் என்பார்கள். நான் வாட்டம் என்கிறேன். ஈரம் பட்டால் நார் பருக்கும், ஆனால் நீளாது. அதனால் தாள் வாட்டத்துக்குக் குறுக்கே விரிவது அதிகம், வாட்டத்தோடு விரிவது மிகக் குறைவு.

வாட்டம் முதுகுக்கு இணையாக, மேலிருந்து கீழாக இருந்தால் தாள் ஈரத்தில் வாயோரத்தை, அதாவது முதுகுக்கு எதிர் ஓரத்தை நோக்கி விரியும். அந்தப் பக்கம் திறந்துதான் கிடக்கிறது, யாருக்கும் நஷ்டமில்லை. வாட்டம் குறுக்காக இருந்தாலோ, தாள் முதுகின் நீளத்துக்கு விரியப் பார்க்கும். பசை விடாது. போக வழியில்லாத தாள் பொரித்த அப்பளம் மாதிரி நெளியும். பக்கம் புரட்டும்போதும் விறைத்துக்கொண்டு நிற்கும், முதுகும் சீக்கிரம் பிளக்கும்.

பனையோலையில் ஏடு செய்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஓலையின் நரம்பு நீளவாட்டில் ஓடுகிறது, ஏடும் நீளவாட்டில்தான் நறுக்கப்பட்டது. குறுக்கே நறுக்கிச் சுவடி கட்டிப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றியிருக்காது.

நம் வழக்கமான அளவுகளில் இது தானாகவே சரியாக அமைந்துவிடுகிறது. டபுள் டெமி தாள் 23க்கு 36 அங்குலம், வாட்டம் பொதுவாக 36இன் திசையில் இருக்கும். இரண்டு பக்கத்தையும் நாலாகப் பிரித்தால் ஐந்தே முக்காலுக்கு 9. பக்கத்தின் உயரம் 9, வாட்டமும் அதே திசை. கட்டிங் போக ஐந்தரைக்கு எட்டரை வரும். டபுள் கிரவுன் 20க்கு 30இலிருந்து எடுக்கிற 1/8உம் இப்படித்தான். வம்பு வருவது அளவை மாற்றும்போது. பள்ளி ஆண்டு மலருக்குப் பெரிய அளவு வேண்டும் என்று டெமி 1/4க்குப் போகிறோம். பக்கம் 9க்கு பதினொன்றரை, முதுகு பதினொன்றரைப் பக்கம். அது வருவது தாளின் 23 அங்குலத்தைப் பாதியாக்கி. அதாவது அதே தாளை எடுத்தால் வாட்டம் முதுகுக்குக் குறுக்கே போய்விட்டது. படுக்கை வசமான புகைப்படப் புத்தகத்திலும் இதே கதைதான். இந்த அளவுகளுக்கு ஷார்ட் கிரெயின் தாள், அதாவது வாட்டம் குறுகிய பக்கத்தோடு ஓடுகிற தாள் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஆர்டர் கொடுக்கும் நாளில் சொன்னால் கடையில் இருப்பதைத்தான் போடுவார்கள்.

அளவு பற்றி இன்னொன்று. “கொஞ்சம் பெருசா, ஆறுக்கு ஒன்பதரை அங்குலம் இருந்தா எடுப்பா இருக்கும்” என்பார்கள். 36இல் ஒன்பதரை மூன்றுதான் போகும், 23இல் 6 மூன்றுதான் போகும். வாட்டம் கெடாமல் வெட்டினால் 16 தாள் வர வேண்டிய இடத்தில் 9 வரும். அந்த அரை அங்குல எடுப்புக்குக் கொடுக்கிற விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இடவப்பாதியும் உப்புக்காற்றும்

நம் ஊருக்கு இரண்டு மழை. இடவப்பாதியில், அதாவது வைகாசி நடுவில் தொடங்குவது ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் மற்றொன்று. செலவு குறையும் என்று சிவகாசியில் அச்சடிக்கிறோம். அது வறண்ட பூமி, அங்கே தாள் காய்ந்து கிடக்கும். அங்கிருந்து ஜூலையில் குலசேகரத்துக்கோ அருமனைக்கோ வந்து இறங்குகிற கட்டு, பிரித்த அன்றே ஈரத்தை உறிஞ்ச ஆரம்பிக்கும். அட்டைக்கு வெளிப்பக்கம் லேமினேஷன், உள்பக்கம் வெறும் தாள். உள்பக்கம் ஈரத்தில் விரிகிறது, பிளாஸ்டிக் படலம் விரிவதில்லை. அட்டை வெளிப்பக்கமாகச் சுருண்டு, மேசையில் வைத்த புத்தகம் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். வெளியீட்டு விழா மேடையில் அடுக்கி வைத்த 50 பிரதியும் ஒரே நேரத்தில் கொட்டாவி விட்டதை நான் பார்த்திருக்கிறேன். அட்டையின் கனத்தைக் கூட்டலாம், அட்டையிலும் வாட்டத்தை முதுகுக்கு இணையாக வைக்கலாம். வந்த கட்டுகளைப் பாலித்தீன் பிரிக்காமல், கனத்தை ஏற்றி, தரையில் படாமல் வைத்தால் ஓரளவு தப்பும்.

குளச்சல், முட்டம் பக்கம் கடலோரப் பங்குகளுக்குப் பாட்டுப் புத்தகம் போடுகிறவர்கள் பின்னைக் கவனியுங்கள். சாதாரணக் கம்பி பின் இரண்டு வருடத்தில் துருப்பிடித்து நடுத்தாளைத் தின்றுவிடும். துருப்பிடிக்காத கம்பி கேளுங்கள், இல்லையென்றால் நூலால் தையுங்கள். பழைய பைண்டர்கள் மைதா பசையில் மயில்துத்தம் கலப்பது தாளைத் தின்னும் இராமபாணப் பூச்சி அண்டாமல் இருக்க. துணி ஒட்டிக் காலிகோ பைண்டிங் செய்கிறவரிடம் அதைக் கலந்தாரா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

திருவிழா மலர்களில் மட்டும் நான் இன்னும் சண்டை போடுகிறேன். 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) ஆர்ட் பேப்பர், 200 பக்கம், சூட்டில் உருக்கிப் போடுகிற சாதாரண ஹாட்மெல்ட் பசை. ஆர்ட் பேப்பரின் மேல் இருக்கும் பூச்சு பசையை நாருக்குள் இறங்க விடாது. பசை பூச்சைத்தான் பிடித்திருக்கும், தாளைப் பிடித்திருக்காது. ஆயர் படத்தைக் காட்டலாம் என்று ஒருவர் விரித்துப் பிடித்தால் ஆயர் தனியாக வந்துவிடுவார். பாரமாக மடித்துத் தைக்கச் சொல்லுங்கள், அல்லது பியூஆர் பசை போடச் சொல்லுங்கள். பியூஆர் காற்றின் ஈரத்தை எடுத்து இறுகுகிற பசை. ஒரு நாளாவது விட வேண்டும், மறுநாள் காலையிலேயே மலர் வேண்டும் என்று நிற்காதீர்கள். எடையும் பாருங்கள்: டெமி 1/8இல் 200 பக்கம் 70 ஜிஎஸ்எம் மாப்லித்தோ (பூச்சில்லாத வழக்கமான அச்சுத்தாள்) சுமார் 210 கிராம், 130 ஆர்ட் பேப்பர் சுமார் 390. தபால் செலவு யார் தலையில் விழும்?

தாளில் செய்கிற மற்ற பிழைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கவிதைப் புத்தகத்துக்கு மெல்லிய தாள் ஆகாது. கவிதையின் வலப்பக்கம் வெற்றிடம், அதில் மறுபக்கத்து வரிகள் நிழலாகத் தெரியும். உரைநடையில் இந்தக் குறை வரிக்குள் மறைந்துவிடும், கவிதையில் மறையாது. இளமஞ்சளான நேச்சுரல் ஷேடு தாள் கண்ணுக்கு இதம்தான், ஆனால் அதில் கலர் படம் போட்டால் எல்லோர் முகத்திலும் மஞ்சள் காமாலை. குடும்ப வரலாற்றை நியூஸ்பிரிண்ட் வகைத் தாளில் போட்டால் பேரன் கைக்குப் பழுப்பாகத்தான் போகும். மரக்கூழிலிருந்து லிக்னின் நீக்கிய தாள் வேண்டும். அதைத்தான் வுட் ஃப்ரீ என்கிறார்கள், மரமே இல்லாத தாள் என்று பொருளல்ல. முதுகின் கனத்தையும் ஊகத்தில் போடாதீர்கள். ஒரே 70 ஜிஎஸ்எம்மில் மாப்லித்தோ 200 பக்கம் சுமார் 9 மில்லிமீட்டர், பருமன் கூடிய தாள் 11 வரை போகும். இரண்டு மில்லிமீட்டர் பிசகினால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு அட்டைக்கு ஏறிவிடும். ஒரு பாரம் பெரும்பாலும் 16 பக்கம் என்பதால், பக்கத்தை 16இன் மடங்கில் முடியுங்கள். நமக்குப் பக்கத்துக் கொல்லத்தில் 1578இல் அச்சான பழைய தமிழ் நூலான தம்பிரான் வணக்கமே 16 பக்கம்தான்.

இப்போது எந்த வேலை வந்தாலும் முதலில் வெறுந்தாள் டம்மி ஒன்று கட்டித் தரச் சொல்கிறேன். அதே தாள், அதே பக்கம், அதே பைண்டிங், எழுத்து மட்டும் இல்லை. பெரும்பாலான பைண்டர்கள் இதற்கு மறுப்பதில்லை. அதை மேசையில் நடுவில் விரித்துவிட்டுக் கையை எடுத்துப் பார்ப்பேன். மழைக்காலமாக இருந்தால் ஒரு ராத்திரி சன்னலோரத்தில் போட்டுவைப்பேன்.

புலவருக்கு இரண்டாம் பதிப்பை டெமி 1/4இல், ஷார்ட் கிரெயின் தாளில், பாரம் பாரமாகத் தைத்துக் கொடுத்தேன். விரித்தால் பாய் மாதிரி கிடக்கிறது. இப்போது அவருடைய குறை, ராத்திரி ட்யூப்லைட் வெளிச்சத்தில் எழுத்து பொடியாகத் தெரிகிறது என்பது.