ஏழு துளை கிரில் மாட்டினால் ஆஃப் ரோடர் ஆகிவிடுமா?

மஹிந்திரா தார் வாங்கியவுடன் பலர் செய்யும் முதல் வேலை, கம்பெனி கொடுத்த கிரில்லைக் கழற்றிவிட்டு ஜீப் கம்பெனியின் ராங்லர் பாணியில் ஏழு செங்குத்துத் துளைகள் உள்ள கிரில்லை மாட்டுவது. அப்போதுதான் 'ஒரிஜினல் ஜீப்' மாதிரி இருக்குமாம். வேடிக்கை என்னவென்றால், இரண்டாம் உலகப் போரில் ஓடிய ஜீப்பின் தகட்டு கிரில்லில் இருந்தவை ஒன்பது துளைகள். அந்த கிரில்லை வடிவமைத்தது ஃபோர்டு. போர் முடிந்து 1945-இல் ஜீப்பைத் தயாரித்த வில்லிஸ் கம்பெனி பொதுமக்களுக்காக சிஜே-2ஏ மாடலைக் கொண்டுவந்தபோது ஹெட்லைட்டைப் பெரிதாக்கினார்கள், துளைகள் ஏழாகக் குறைந்தன. முகத்தை வைத்து அசலைத் தேடினால் எண்ணிக்கையிலேயே இடிக்கிறது.

ஒரு வண்டி ஆஃப் ரோடரா, அதாவது சாலை இல்லாத இடத்திலும் போகுமா என்று அறிய விஷயம் தெரிந்தவர்கள் அதன் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து அடியில் பார்ப்பார்கள். புதிதாக இந்தப் பக்கம் வருபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

தாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 அக்டோபரில் இரண்டாம் தலைமுறை தார் விற்பனைக்கு வந்தபோது எல்லா வண்டியுமே ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரத்துக்கும் சக்தி போகும். 2023 ஜனவரியில் அதே உடம்போடு, பின்சக்கரங்களுக்கு மட்டும் சக்தி போகும் தார் வந்தது. விலை குறைவு, ஊருக்குள் ஓட்ட தாராளமாகப் போதும். அதை வாங்குவதில் எந்தத் தவறும் இல்லை. வாங்கிவிட்டு, நண்பர்களோடு ஆற்று மணலில் இறக்கி, பின்சக்கரம் இரண்டும் புதைந்தபிறகு "தார் இவ்வளவுதானா?" என்று கேட்பதுதான் தவறு. ஜீப் என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும் என்ற நம்பிக்கை நம் ஊரில் ரொம்பப் பழையது. உண்மையில் பழைய மஹிந்திரா ஜீப்புகளிலும் டூ வீல் டிரைவ் ஏராளம்.

சரி, நாலு சக்கரத்துக்கும் சக்தி போனால் போதுமா? அதுவும் போதாது. என் கணக்கில் ஒரு வண்டியை நிஜமான ஆஃப் ரோடர் என்று சொல்ல ஒரே ஒரு நிபந்தனைதான் கறாரானது: லோ ரேஞ்ச். கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் இன்னொரு சின்ன கியர் ஜோடி இருக்கும். 'ஃபோர் லோ' போட்டால் எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும், சக்கரம் பாதி வேகத்திலோ அதற்கும் குறைவாகவோ சுற்றும், இழுவை அந்த அளவுக்குக் கூடும். மாருதி சுஸுகி ஜிம்னியில் இந்த விகிதம் ஏறக்குறைய 2. ராங்லர் ரூபிகானில் 4. பாறை மேல் நடக்கிற வேகத்தில் ஏறலாம் என்பது இதன் ஒரு பாதிதான். செங்குத்தான இறக்கத்தில் பிரேக்கில் கால் வைக்காமல் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறக்கும். ஈரமண் சரிவில் பிரேக் மிதித்துச் சக்கரம் பூட்டி, வண்டி பக்கவாட்டில் வழுக்கியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆல் வீல் டிரைவ் என்ற பெயரில் வரும் பல எஸ்யூவிகளில் லோ ரேஞ்ச் கிடையாது. மழைச் சாலைக்கும் லேசான மண் பாதைக்கும் அவை நல்ல வண்டிகள்தான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

இன்னொன்று, ஃபோர் பை ஃபோர் போட்டுவிட்டால் எங்கேயும் சிக்காது என்ற நினைப்பு. எதிரெதிர் மூலையில் இரண்டு பள்ளங்கள் உள்ள பாதையைக் கற்பனை செய்யுங்கள். வண்டி அதற்குள் இறங்கும்போது முன்னால் இடது சக்கரமும் பின்னால் வலது சக்கரமும் அந்தரத்தில் தொங்கும். இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்புதான் டிஃபரன்ஷியல். சாதாரண டிஃபரன்ஷியல் எளிதாகச் சுற்றும் சக்கரத்தையே சுற்றவிடும். தொங்கும் இரண்டும் காற்றில் சுழல, தரையில் இருக்கும் இரண்டும் சும்மா நிற்கும். ஃபோர் லோவில் இருந்தும் வண்டி ஓர் அங்குலம் நகராது. இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்தே சுற்றவைக்கும் டிஃபரன்ஷியல் லாக். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன், பின் இரண்டுக்குமே லாக் உண்டு. இன்னொன்று, காற்றில் சுற்றும் சக்கரத்தை பிரேக் போட்டுப் பிடித்து, சக்தியை மறுபக்கம் தள்ளும் எலக்ட்ரானிக் ஏற்பாடு. ஜிம்னி அப்படித்தான் சமாளிக்கிறது. அதில் ஆக்சிலேட்டரை விடாமல் நிதானமாக மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். சக்கரம் சுற்றுகிறதே என்று பயந்து காலை எடுத்தால் அது வேலை செய்யும் முன்பே நின்றுவிடும்.

அப்புறம் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி. தாருக்கு 226 மில்லிமீட்டர், ஜிம்னிக்கு 210 என்று எண்ணை ஒப்பிட்டு முடிவு கட்டுவார்கள். ஆனால் மேட்டின் உச்சியில் வயிறு தட்டுமா என்பதை வீல்பேஸும், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரமும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது. மூன்று கதவு ஜிம்னிக்கு வீல்பேஸ் 2250 மில்லிமீட்டர், இந்தியாவில் விற்ற ஐந்து கதவு ஜிம்னிக்கு 2590. தரைக்கும் வண்டிக்கும் உள்ள இடைவெளி ஒன்றுதான், ஆனாலும் மேடு தாண்டும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24-க்கு இறங்கிவிட்டது.

இந்த எண் மோகத்தின் அடுத்த கட்டம், ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட். ஜிப்சி, ஜிம்னி மாதிரி, இரு பக்கச் சக்கரங்களையும் ஒரே இறுகிய அச்சு இணைக்கும் சாலிட் ஆக்சில் வண்டியில் லிஃப்ட் கிட் போட்டால் உடம்புதான் உயரும். டிஃபரன்ஷியல் ஆக்சிலின் நடுவில் இருக்கிறது, ஆக்சில் சக்கரத்தோடு இருக்கிறது. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது பழைய உயரத்திலேயேதான் கிடக்கும். கல்லில் முதலில் இடிப்பதும் பெரும்பாலும் அதுதான். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி. லிஃப்ட்டால் பயனே இல்லை என்று சொல்லவில்லை. கோணங்கள் கூடும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். கூடவே வண்டியின் எடை மையம் மேலே போகும், ஸ்டீயரிங் லேசாக அலையும், ஷாஃப்ட் ஜாயிண்ட்கள் சீக்கிரம் தேயும். பணத்தை முதலில் நல்ல டயரில் போடுவதே புத்திசாலித்தனம். மணலில் இறங்கும் முன் காற்றை 18 அல்லது 20 பிஎஸ்ஐக்கு இறக்குவது அதைவிடப் புத்திசாலித்தனம், செலவும் இல்லை. தார் ரோட்டுக்குத் திரும்பியதும் மறக்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

எஞ்சினுக்கு உயரத்திலிருந்து காற்று எடுக்கும் குழாயான ஸ்நார்க்கலை மாட்டியவர்கள் தண்ணீரைக் கண்டால் விடமாட்டார்கள். ஸ்நார்க்கல் காப்பாற்றுவது எஞ்சின் மூச்சுவிடும் வாயை மட்டுமே, அதுவும் ஏர் ஃபில்டர் வரை எல்லா இணைப்பும் இறுக்கமாக இருந்தால். வெறும் அழகுக்கு ஒட்டியவையும் சாலையில் ஓடுகின்றன. ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாய் அடைத்திருந்தால் அது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த சர்வீஸில் ஆக்சில் ஆயில் டீ நிறத்தில் வடியும். தாருக்குக் கம்பெனி சொல்லும் நீர் ஆழம் 650 மில்லிமீட்டர். மேலே எத்தனை அடிக் குழாய் நின்றாலும் அந்த எண் தானாகக் கூடாது.

பழம் தின்று கொட்டை போட்டவர்கள் செய்யும் தவறு வேறு ரகம். லேடர் ஃபிரேம் (உடம்பைத் தாங்கும் ஏணி வடிவச் சட்டம்) இல்லையா, சாலிட் ஆக்சில் இல்லையா, அப்படியானால் அது ஆஃப் ரோடரே இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். சோவியத் ரஷ்யாவில் 1977-இல் வந்த லாடா நிவாவுக்குத் தனி ஃபிரேமே கிடையாது, உடம்பே சட்டமாகவும் இருக்கும் மோனோகாக்தான். லோ ரேஞ்ச் உண்டு, முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் சென்டர் டிஃபரன்ஷியலும் அதற்கு லாக்கும் உண்டு. சேற்றிலும் பனியிலும் அது போகாத இடமில்லை. 2020-இல் விற்பனைக்கு வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டரும் அலுமினிய மோனோகாக்தான். 2016 ஜனவரியில் நின்றுபோன பழைய டிஃபெண்டரை நினைத்துப் பெருமூச்சு விடுபவர்கள் புதியதை ஏற்கவே மாட்டார்கள், ஆனால் 900 மில்லிமீட்டர் நீரில் இறங்குவது அந்தப் புதியதுதான். எளிமையாக இருக்க வேண்டும், கிராமத்து மெக்கானிக்கே சுத்தியலும் ஸ்பேனரும் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஆளேற்றும் பழைய ஜீப்புகளில் பளபளக்கும் பாகம் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. ஆனால் அதைத் திறமைக்கான அளவுகோலாக்குவது சரியில்லை. புதிய டாடா சஃபாரி மேல் ஆர்வலர்களுக்கு உள்ள கோபத்தை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன். 1998-இல் வந்த சஃபாரியில் ஃபோர் பை ஃபோர் கிடைத்தது. 2021-இல் அதே பெயரில் வந்தது முன்சக்கர டிரைவ் மட்டுமே.

சட்டத்தை மறப்பதும் சகஜம். கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு குறுக்கே வரும். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பம்பருக்கு முன்னால் மாட்டும் இரும்பு க்ராஷ் கார்டுக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. மோதும்போது ஏர்பேக் விரியும் நேரத்தையே அது குழப்பிவிடக்கூடும்.

பழைய ஜீப் வாங்கப் போகிறவர்கள் முன் ஆக்சிலின் அடியில் ஒருமுறை படுத்துப் பாருங்கள். உருண்டையான டிஃபரன்ஷியல் கூடும், அதற்குச் சக்தியைக் கொண்டுவந்து சேர்க்கும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற தண்டும் தெரிய வேண்டும். ஃபோர் பை ஃபோர் போடும் இரண்டாவது லிவர் உள்ளே இருக்கிறது என்பது ஒன்றுக்கும் சாட்சியில்லை, கீழே எதுவும் இணைக்காத லிவரும் உண்டு. பிறகு இளகிய மண்ணில் நிறுத்தி, ஃபோர் லோ போட்டு, நாலு சக்கரமும் மண்ணைக் கிளறுகிறதா என்று வெளியே ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். தார் ரோட்டில் இந்தச் சோதனை வேண்டாம். சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி அங்கே இறுகிக்கொள்ளும், பல்சக்கரம் உடையும். மண்ணில் இறக்க ஓனர் சம்மதிக்கவில்லையென்றால் சண்டை போடாதீர்கள், டூ வீல் டிரைவ் விலைக்குக் கேளுங்கள்.