பொறியியலாளரின் பழைய அல்பத்துக்குத் திகதி குறிப்பது எப்படி

கல்லோயா ஆற்றை மறித்து அணை கட்டிய கல்லோயாத் திட்டத்தில் வேலை செய்த பொறியியலாளர்கள், நில அளவையாளர்களின் கறுப்புத்தாள் அல்பங்கள் மட்டக்களப்பு, அம்பாறை வீடுகள் சிலவற்றில் இருக்கக்கூடும். அப்படி ஒன்று கிடைத்தால் படங்களைப் பிய்த்தெடுக்காதீர்கள். ஒட்டிய வரிசையே பாதிச் சாட்சி. ஆகவே மாரி தொடங்குமுன், காய்ந்த ஒரு நாளில், விறாந்தை வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் முழுமையாகப் படம் பிடித்த பிறகே தனிப்படங்களுக்குப் போங்கள்.

திகதியை ஆட்களின் முகத்தில் அல்ல, வேலையின் நிலையில் தேட வேண்டும். இதற்குப் பனாமாக் கால்வாய்ப் படங்கள் நல்ல பயிற்சி. பிரெஞ்சுக்காரர் தொடங்கி 1889இல் முடங்கிய வேலையை அமெரிக்கர் 1904இல் ஏற்று, 1914 ஓகஸ்ட் 15இல் கால்வாயைத் திறந்தார்கள். கப்பல்களை ஏற்றி இறக்கும் காத்தூன் நீர்ப்பூட்டில் கொங்கிரீட் இடுவது 1909 ஓகஸ்டில்தான் தொடங்கியது. எனவே சுவர் எழும்பி நிற்கும் படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. மலையைக் குடைந்து வெட்டிய கால்வாய்ப் பகுதியான குலேப்ரா வெட்டின் அடியில் நீராவி மண்வாரியும் தண்டவாளமும் தெரிந்தால், அது 1913 ஒக்டோபரில் தண்ணீர் விடுவதற்கு முன் எடுத்தது.

பனாமா அல்பங்களில் கரீபியன் பயணப் படங்களும் கலந்திருக்கும். உல்லாசப் படங்கள் என்று அவற்றை ஒதுக்குவது பெரும் பிழை. ஜமேக்காவின் கிங்ஸ்டன் நகரம் இடிந்து கிடக்கும் படம் பெரும்பாலும் 1907 ஜனவரி 14 நிலநடுக்கத்துக்குப் பிந்தியதாக இருக்கும் என்பதால், அடுத்த பக்கத்தில் குறிப்பே இல்லாத அகழ்வுப் படத்துக்கும் அண்ணளவான காலத்தை அது சொல்லிவிடும். பார்படோசிலிருந்து ஆயிரக்கணக்கில் போன தொழிலாளர்கள் இப்படங்களில் பெரும்பாலும் பெயரில்லாமலே நிற்கிறார்கள். நம் அல்பங்களிலாவது, ஆளை அடையாளம் காட்டக்கூடிய முதியவர் இருக்கும்போதே பெயர்களைக் கேட்டு எழுதிவிடுங்கள்.

கல்லோயாவில் வேலை 1949இல் தொடங்கியது. இங்கினியாகலை அணையைக் கட்டியது அமெரிக்க நிறுவனமான மொரிசன் நுட்சன். ஆதலால் அணையடியில் நிற்கும் வெள்ளைக்காரரைக் கண்டதும் ஆங்கிலேயர் காலம் என்று முடிவுகட்ட வேண்டாம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் "மட்டக்களப்பு" என்று எழுதிய படம் இங்கினியாகலையாகவும் இருக்கலாம். பட்டிப்பளை ஆறும் கல்லோயாவும் ஒரே ஆறுதான். வாய்க்கால் வெட்டில் அளவுத்தடியோடு ஒருவர் நின்றால், தடியின் இலக்கங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வெட்டின் ஆழத்தை அதிலிருந்து மதிப்பிடலாம்.

குறிப்புகளைப் படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால் மட்டும் எழுதி, ஊகித்த ஆண்டுக்கு முன் "சுமார்" என்று சேருங்கள். ஒட்டிய படமானால் குறிப்பைத் தனிக் கொப்பியில், பக்க எண்ணோடு எழுதினால் போதும். அல்பத்தைப் பொலித்தீன் பையில் கட்டிவைக்காதீர்கள். நம் ஊர் ஈரம் உள்ளேயே நின்று படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.