ஆகஸ்ட் 7ஆ, ஜூலை 8ஆ? அமெரிக்காவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

வந்து இறங்கியதும் வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வாடகை வீடு என்று ஆளாளுக்கு ஒரு பட்டியல் தருவார்கள். அதையெல்லாம் எப்படியும் முடித்துவிடுவீர்கள். நான் சொல்ல வந்தது தேதி எழுதுவதைப் பற்றி. சிரிக்காதீர்கள், நானும் சிரித்தவன்தான்.

நான் பிறந்தது 1986 ஆகஸ்ட் 7. வந்த முதல் வாரம் ஒரு விண்ணப்பத்தில், பழகிய கை சும்மா இருக்காமல், 07/08/1986 என்று எழுதிவிட்டது. கட்டத்துக்குக் கீழே எம்எம்/டிடி என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். அதை யார் பார்த்தது? இங்கே மாதம்தான் முதலில், நாள் அப்புறம். ஆக, நான் ஜூலை 8ஆம் தேதி பிறந்தவனாகிவிட்டேன். கவுண்டரில் இருந்த அம்மா பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். அதிலும் அதே 07/08/1986. இரண்டும் ஒன்றுபோல இருக்க, அவருக்கு என்ன சந்தேகம் வரும்? தலையாட்டி வாங்கி வைத்துக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போனபோது வினை ஆரம்பித்தது. "விவரம் ஒத்துப்போகவில்லை" என்றார்கள். எந்த விவரம் என்று கேட்டால், அதைச் சொல்ல மாட்டார்களாம். பெயரில்தான் கோளாறு, அப்பா பெயரும் என் பெயரும் இடம் மாறியிருக்கும் என்று நானே முடிவுகட்டி, அதற்கான காகிதங்களைத் தூக்கிக்கொண்டு இரண்டு முறை அலைந்தேன். மூன்றாவது முறை ஒரு பெரியவர், "நீங்கள் பிறந்தது எந்த மாதம்? பெயரைச் சொல்லுங்கள்" என்றார். ஆகஸ்ட் என்றேன். திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டார். கடைசியில் என்னைக் காப்பாற்றியது விசா ஸ்டிக்கர். அதில் மாதத்தை எண்ணில் போடாமல் மூன்றெழுத்தில் அச்சடித்திருந்தார்கள்.

என் மனைவியும் அன்று அதே தப்பைத்தான் செய்தாள். ஆனால் அவள் பிறந்தது 23ஆம் தேதி. இருபத்துமூன்றாவது மாதம் என்று ஒன்று கிடையாதே! அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், அங்கேயே திருத்தினாள். மாட்டிக்கொள்வது மாதத்தின் முதல் 12 நாட்களில் பிறந்தவர்கள்தான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 12 மாதத்துக்கும் 12 நாள், மொத்தம் 144. அதில் 5/5, 9/9 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாக வருபவை 12. மீதி 132 நாட்கள் ஆபத்து. உங்கள் பிறந்தநாள் அதில் ஒன்று என்றால் ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு முறை படியுங்கள். எண்தான் வேண்டும் என்று படிவம் கேட்காத இடத்திலெல்லாம் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். உங்களுக்கு வரும் கடிதத்திலும் இதே கதைதான். 03/04க்குள் பணம் கட்டு என்றால் மார்ச் 4, ஏப்ரல் 3 அல்ல. கோப்புகளுக்குப் பெயர் வைக்க, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2024-08-07 என்று எழுதும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறை நல்லது. யாரும் தப்பாகப் படிக்க முடியாது, வரிசையும் தானாக அமையும்.

அடுத்தது, வாயால் சொல்வது. ஃபோனில் பிறந்த தேதி கேட்டால் "செவன், எய்ட்" என்று ஆரம்பிக்காதீர்கள். "ஆகஸ்ட் செவன்த், நைன்டீன் எய்ட்டி சிக்ஸ்" என்று மாதத்தின் பெயரோடு சொல்லுங்கள். எழுதும்போது வெறும் 7, சொல்லும்போது செவன்த். நமக்கு எல்லா எண்ணுக்கும் ஒரே 'ஆம்' போதும். இவர்களுக்கு ஃபர்ஸ்ட், செகண்ட், தேர்ட் என்று தனித்தனி வால். 21, 22, 23, 31க்கும் அதே வால்தான், ஆனால் 11, 12, 13க்கு மட்டும் கிடையாது. மாதம் முதலில் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிப்பவர்கள் தங்கள் சுதந்திர தினத்தை மட்டும் "ஃபோர்த் ஆஃப் ஜூலை" என்கிறார்கள், யாரிடமிருந்து சுதந்திரம் வாங்கினார்களோ அந்த பிரிட்டிஷ்காரர்களின் வரிசையிலேயே!

ஆண்டுகளை இரண்டிரண்டாகப் பிரித்துச் சொன்னால் போதும். 1905 "நைன்டீன் ஓ ஃபைவ்". 2000 முதல் 2009 வரை "டூ தௌசண்ட்". அதற்குப் பிறகு "ட்வென்ட்டி" என்று தொடங்குவதுதான் இப்போது அதிகம் காதில் விழுகிறது.

நூற்றாண்டில் என் மகளிடம் மானம் போனது. ஆபிரகாம் லிங்கன் எந்த நூற்றாண்டு என்று வீட்டுப்பாடத்துக்குக் கேட்டாள். இங்கே பேச்சில் "எய்ட்டீன் ஹண்ட்ரட்ஸ்" என்றே கேட்டுக் கேட்டுப் பழகியிருந்தேன். பெருமையாகப் பதினெட்டு என்றேன். லிங்கன் 1809இல் பிறந்து 1865இல் இறந்தவர், அதாவது 19ஆம் நூற்றாண்டு. தமிழில் கேட்டிருந்தால் யோசிக்காமல் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆங்கிலத்தில் அந்த 'எய்ட்டீன்' காதில் விழுந்ததும் புத்தி மழுங்கிவிட்டது. ஆண்டின் முதல் இரண்டு இலக்கத்தோடு ஒன்றைக் கூட்டுங்கள், அதுதான் நூற்றாண்டு. 1900, 2000 போல இரண்டு சைபரில் முடியும் ஆண்டுகளுக்கு மட்டும் கூட்டக் கூடாது. முதலாம் ஆண்டுக்கு முன்னால் பூஜ்ஜியம் என்று ஓர் ஆண்டு இல்லாததால், 2000 என்பது 20ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டு. 21 தொடங்கியது 2001 ஜனவரி 1இல். பேச்சில் யாராவது 2000 என்று சொன்னால் திருத்தப் போகாதீர்கள், நான் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

என் உரிமத்தில் இப்போது ஆகஸ்ட் 7தான். ஆனால் முதல் வாரத்தில் பதிந்த ஒரு பல் மருத்துவரிடம் பழைய தேதி அப்படியே தங்கிவிட்டது. வருடா வருடம் ஜூலை 8 காலையில் வாழ்த்து வருகிறது. மாற்றச் சொன்னால் இன்னொரு படிவம் தருவார்களே என்று விட்டுவைத்திருக்கிறேன்.