ஃபஸ் குமிழை முழுக்கத் திருகாதீர்கள்

போன மாதம் ஒரு தம்பி தன் பேண்டின் பதிவை அனுப்பியிருந்தான். கூடவே ஒரு வரி: "அண்ணா, எல்லாம் சரியாத்தான் பண்ணியிருக்கோம், ஆனா ஏன் கனமாவே இல்ல?" கேட்டேன். முதலில் சிரிப்பு வந்தது, கொஞ்ச நேரத்தில் எரிச்சல். அவன்மேல் எனக்கென்ன கோபம்? பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வாசித்துக் கெடுத்த அதே சத்தம், அச்சுப் பிசகாமல் ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது.

அவனும் என்னைப் போலவே கயஸ் குழுவின் 'வெல்கம் டு ஸ்கை வேலி'யைக் கேட்டுக் கிறங்கிப்போய் கிட்டாரைத் தூக்கியவன். 'ஸ்டோனர் ராக்' என்கிற கனமான கிட்டார் இசை அது. 1994இல் வந்த ஆல்பம். கலிஃபோர்னியாவில் பாம் டெசர்ட் பக்கத்துப் பையன்கள்; பாலைவனத்துக்கு நடுவே ஜெனரேட்டரை ஓட்டி, விடிய விடிய வாசித்துப் பழகியவர்கள். சத்தம் மோதித் திரும்ப அங்கே சுவர் கிடையாது. மலையே நகர்ந்து வருகிற மாதிரி ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), அதற்குள்ளேயே கண்ணை மூடினால் மிதக்கிற மாதிரி ஒரு மயக்கம். இடியும் தாலாட்டும் ஒரே கிட்டாரிலிருந்து எப்படி வருகிறது என்று தேடிப் போகிறவர்கள், பத்துக்கு எட்டுப் பேர் ஒரே குழியில்தான் விழுகிறோம்.

டியூன் பண்ணாமல் வாசிப்பது, துருப்பிடித்த கம்பி, பாதியில் செத்துப்போகும் பெடல் பேட்டரி பற்றியெல்லாம் இங்கே பேசப் போவதில்லை. அவை இரண்டு தடவை மானத்தை வாங்கினால் தானாகச் சரியாகிவிடும்.

## போன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டுப் பேசுவது

கயஸ் கிட்டாரை நான்கு அரைச்சுரம் இறக்கி வாசித்தார்கள். வழக்கமான டியூனிங்கில் தடித்த கம்பி சுமார் 82 ஹெர்ட்ஸில் அதிரும். அப்படி இறக்கினால் 65. பேஸ் கிட்டார் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே, 33 பக்கம். நகத்தளவு ஸ்பீக்கரால் இதில் எதையும் எழுப்ப முடியாது. மேலே இருக்கிற அதிர்வுகளை வைத்து அடிச்சுரம் இதுவாகத்தான் இருக்கும் என்று மூளையே ஊகித்துக்கொள்கிறது, அதனால்தான் போனிலும் மெட்டு புரிகிறது. மெட்டு மட்டும்தான் புரியும். நெஞ்சில் இடிக்க வேண்டியது வந்து சேராது.

நல்ல ஸ்பீக்கர் இருந்தும் ஒலியை ரொம்பக் குறைத்துக் கேட்டால் இதே நஷ்டம்தான். குறைந்த ஒலியில் அடிச்சுரங்கள் காதுக்கு மந்தமாகவே விழும். 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அளந்து வரைந்து காட்டிய விஷயம் இது. அக்கம்பக்கத்தாருக்குப் பயந்தால் ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

## ஷஃபிள்

ஸ்கை வேலி சிடியில் 10 பாட்டுகளை 3 டிராக்குகளாகக் கட்டி வைத்திருந்தார்கள், யாரும் தாவிப் போகக் கூடாதென்று. பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிளை அணைத்துவிடுங்கள்.

## ஐந்தாவது நிமிடத்தில் தீர்ப்பு எழுதுவது

"ஒரே ரிஃப்பைத்தானே திரும்பத் திரும்ப வாசிக்கிறான்?" இதைச் சொல்லாத புதியவர் இல்லை. நானும் சொன்னவன்தான், அதுவும் ஸ்லீப் குழுவின் 'டோப்ஸ்மோக்கர்' பற்றி. 1996இல் பதிவானது, மொத்தம் ஒரே பாட்டு, 63 நிமிடம். பாடுகிறவர் வாயைத் திறப்பதற்கே எட்டு நிமிடம் ஆகிவிடும். காசு போட்ட ரெக்கார்ட் கம்பெனியே இதை வெளியிட மறுத்தது, குழுவும் கலைந்துபோனது. 1999இல் சுருக்கப்பட்ட வடிவம் ஒன்று 'ஜெருசலேம்' என்ற பெயரில் வந்தது. முழு நீளத்துக்கு 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் தடவை நான் ஆறாவது நிமிடத்தில் நிறுத்தினேன். பல மாதம் கழித்து, வேறு வேலையாக இருந்தபோது தற்செயலாக ஓட விட்டதில் இருபது நிமிடம் போயிருந்தது. அப்போதுதான் டிரம்மர் ஒவ்வொரு சுற்றிலும் எதையோ மாற்றிக்கொண்டே இருப்பது காதில் பட்டது. ரிஃப் அசையாமல் நிற்பதால்தான் சுற்றி நடக்கிற சின்ன அசைவுகூடப் பெரிதாகத் தெரிகிறது. தம்பூரா ஒரே சுருதியில் நிற்பதைப் பார்த்து யாரும் "ஒரே சத்தமாக இருக்கிறதே" என்று எழுந்து போவதில்லை. இங்கேயும் ரிஃப்புக்கு அந்த வேலைதான்.

## ஃபஸ்ஸைக் கூட்டினால் கனம் கூடும் என்று நம்புவது

எனக்கு ஆற மாட்டாத புண் இதுதான்.

நாங்கள் மூன்று பேர். இரண்டு வருஷம் வாசித்துச் சேர்த்து வைத்த ஆறு பாட்டுகள். இரண்டு நாளைக்கு ஸ்டூடியோ எடுத்தோம். நான் ஃபஸ் குமிழை (கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெடலின் குமிழ்) முழுக்கத் திருகி வைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் பேஸ் (கீழ் ஒலி) முழுசு, ட்ரெபிள் (மேல் ஒலி) முக்கால், மிட்ஸ் (நடு ஒலி) பூஜ்யம். அறையில் தனியாக நின்று ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அடித்தால் கட்டடம் இடிகிற மாதிரி இருந்தது. பேஸ் வாசிக்கிறவனும் சளைக்காமல் தன் பங்குக்கு ஒரு ஃபஸ் பெடல் போட்டுக்கொண்டான். பதிவு செய்ய உட்கார்ந்தவர் அனுபவசாலி. தயங்கித் தயங்கித்தான் கேட்டார்: "தம்பி, மிட்ஸைக் கொஞ்சம் ஏத்திக்கலாமா?" நான் சொன்ன பதிலை நினைத்தால் இப்போதும் காது சிவக்கிறது: "இல்ல சார், இதுதான் எங்க சவுண்டு."

மிக்ஸிங்குக்கு வந்தபோது டிரம்ஸையும் பேஸையும் உயர்த்தினார்கள். கிட்டார் காணாமல் போனது. கிட்டாரை உயர்த்தினால் சிம்பலையும் குரலையும் விழுங்கியது. தாழ்த்தினால் பின்னால் எங்கோ மாவு மில் ஓடுவதுபோல ஒரு இரைச்சல். ஈக்யூவில் (ஒலியின் பகுதிகளை ஏற்றி இறக்கும் கருவி) மிட்ஸைத் தேடினோம். வாசிக்கும்போதே இல்லாததை மிக்ஸில் எங்கிருந்து கொண்டுவருவது? ஃபஸ் போடாத சுத்தமான டேக் ஒன்றைக் கூடவே பிடித்து வைத்திருந்தாலாவது பெடலை மாற்றி மறுபடி ஆம்ப்புக்குள் அனுப்பியிருக்கலாம். அதுவும் செய்யவில்லை. திரும்ப வாசிக்கக் காசு சேர்ப்பதற்குள் டிரம்மருக்கு வேலை கிடைத்து வேறு ஊர் போய்விட்டான். அந்த ஆறு பாட்டுகளும் இன்றைக்கு வரை அந்த இரைச்சலாக மட்டுமே இருக்கின்றன. இரண்டு வருஷ உழைப்பு, ஒரு குமிழ்.

ஏன் அப்படி ஆகிறது? ஃபஸ் என்பது கிட்டாரின் அலையை உச்சியில் வெட்டித் தட்டையாக்கும் வேலை. வெட்ட வெட்ட மேல் அதிர்வுகள் பெருகும், காது முதலில் பிடித்துக்கொள்வது அவற்றைத்தான். இன்னொரு பக்கம், மெல்ல அடித்தாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே உயரத்தில் ஒலிக்கும். கை கம்பியில் விழுகிற அந்த 'தக்' செத்துப்போகும். கனம் என்று நாம் உணர்வது பெரும்பாலும் அந்த முதல் அடியை. அதைத் தட்டையாக்கிவிட்டு மிச்சத்தில் கனம் தேடுகிறோம். போதாக்குறைக்கு, எல்லோரும் ஓடிப்போய் வாங்குகிற பிக் மஃப் வகைப் பெடல்களில் 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம், அதாவது மிட்ஸில், ஏற்கெனவே ஒரு பள்ளம் இருக்கிறது. அதன்மேல் ஆம்ப்பிலும் மிட்ஸைக் குறைத்தால் பள்ளத்துக்குள் பள்ளம். தனியாக வாசிக்கையில் அது பிரம்மாண்டமாகவே கேட்கும். நம்மை ஏமாற்றுவதே அதுதான். மற்ற இரண்டு பேரும் சேர்ந்து வாசிக்கிற நேரத்தில் குமிழைத் திருப்பிப் பாருங்கள், தனியறை முடிவுகளை நம்பாதீர்கள்.

இந்த இசைக்கெல்லாம் பாட்டன் பிளாக் சபாத் குழுவின் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி. 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் சில பாட்டுகளுக்குக் கிட்டாரை மூன்று அரைச்சுரம் இறக்கினார், அதற்கப்புறம் ஊரே இறக்கியது. அந்தக் காலத்தில் அவர் ஆம்ப்புக்கு முன்னால் வைத்திருந்தது என்ன தெரியுமா? ட்ரெபிள் பூஸ்டர்! பேஸைக் கூட்டவில்லை, மேல்சுரத்தைத்தான் தள்ளினார். அடிப்பக்கத்தைப் பேஸ் கிட்டாருக்கு விட்டுக்கொடுத்தார். நாம் கிட்டாரின் கனம் என்று நினைத்துக் கேட்பதில் பாதி, இரண்டும் ஒரே வரியை ஒன்றாக வாசிப்பதால் வருவது. கயஸின் ஜாஷ் ஹாமியும் வேறு வழியில் அதே இடத்துக்குப் போனவர். கிட்டாரை பேஸ் ஆம்ப்புகளில் செருகி வாசித்தார். அந்தப் பதிவுகளைத் தனியாகக் கவனித்துக் கேளுங்கள், நினைத்ததைவிடக் கரகரப்பு குறைவாக இருக்கும். எனக்கு இது புரிய ஒரு ஆல்பம் செலவானது.

இன்னொன்று. ஃபஸ்ஸில் எந்த கார்டும் ஓடும் என்று நினைக்கிறார்கள். இரண்டு சுரங்களைச் சேர்த்து ஃபஸ்ஸுக்குள் அனுப்பினால் அவற்றின் வித்தியாசமும் ஒரு சுரமாக வெளியே வரும். பவர் கார்டில் ஷட்ஜமமும் பஞ்சமமும் 2:3 விகிதம். வித்தியாசம் 1, அதாவது அடிச்சுரத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே. யாரும் வாசிக்காத ஒரு சுரம் இலவசமாக அடியில் வந்து நிற்கிறது. கூடவே காந்தாரத்தையும் சேர்த்து முழு மேஜர் கார்டு பிடித்தால், கிட்டாரின் காந்தாரம் இயற்கை விகிதத்திலிருந்து கொஞ்சம் விலகியே இருப்பதால், கிளம்பும் வித்தியாசங்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் உரசும். சத்தம் கலங்கும். அந்தத் தம்பி ஸ்கை வேலி பாணியில் ஐந்து விரல் ஜாஸ் கார்டு ஒன்றை நான்கு பெடல்களுக்குள் அனுப்பியிருந்தான். ஆசைக்கு அளவில்லை.

கனம் இன்னும் வேண்டுமென்றால், ஃபஸ்ஸைப் பாதிக்குக் கீழே வைத்து அதே ரிஃப்பை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் போடுங்கள். நகல் எடுத்து ஒட்டினால் பலிக்காது. இரண்டு டேக்குக்கும் நடுவில் இருக்கிற மயிரிழை வேறுபாடுதான் அகலத்தைத் தருகிறது.

## டியூனிங்கை இறக்கிவிட்டுப் பழைய கம்பியையே வைத்திருப்பது

கம்பியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு அரைச்சுரம் இறக்கினால் இழுவிசையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். துணி காயப்போடும் கொடி மாதிரி தொங்கும். ஓங்கி அடித்ததும் சுருதி மேலே ஏறி மெல்ல இறங்கும். பழைய விறைப்பு வேண்டுமானால் 0.046 அங்குலக் கம்பியின் இடத்தில் 0.058 பக்கம் போக வேண்டும். நட்டின் (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் உட்காரும் பட்டை) வெட்டுகளையும் அதற்கேற்ப அகலப்படுத்தி, கழுத்தின் வளைவையும் சரிபார்க்க வேண்டும்.

"ஐயோமி மெல்லிய கம்பிதானே வைத்தார்?" என்று யாராவது கேட்பார்கள். தகடு வெட்டும் ஆலையில் அவருடைய இரண்டு விரல் நுனிகள் போய்விட்டன. பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து மாட்டிக்கொண்டு வாசித்த மனிதர். தளர்ந்த கம்பி அவருக்குத் தேவையாக இருந்தது. உங்களுக்குப் பத்து விரலும் இருக்கிறதே.

## மெதுவாக வாசித்தாலே போதும் என்பது

வேகத்தைக் குறைப்பது எளிது. குறைந்த வேகத்தில் தாளம் நிற்பதுதான் கஷ்டம், ஏனென்றால் இரண்டு அடிக்கு நடுவே தடுமாற ஏகப்பட்ட இடம் இருக்கிறது. புதியவர்கள் அந்த இடத்தைப் பார்த்ததும் பயந்துபோய் ஏதாவது போட்டு நிரப்புகிறார்கள்: டிரம்ஸில் ஒரு உருட்டு, கிட்டாரில் ஒரு கிறுக்கல், டிலேயில் (எதிரொலி பெடல்) ஒரு அலை. விட்டுவிடுங்கள். ஆம்ப் உறுமிக்கொண்டிருக்கட்டும்.

ஸ்கை வேலியில் இரண்டரை நிமிடத்தில் பறந்து முடியும் பாட்டும் உண்டு, அடுத்தே ஏழு நிமிட அகூஸ்டிக் பாட்டும் உண்டு. கனமான பாட்டுகள் கனமாக விழுவதற்கு அந்த அகூஸ்டிக் இடைவெளியும் ஒரு காரணம். ஆரம்பம் முதல் கடைசிவரை ஒரே வேகம், ஒரே உறுமல் என்று எட்டுப் பாட்டு போட்டால் மூன்றாவது பாட்டில் காது மரத்துப்போகும்.

## பெயரில் 'ஸ்டோனர்' (கஞ்சா அடிப்பவர்) இருக்கிறதே, புகை வேண்டாமா?

வேண்டாம். டிரம்மருக்கு எண்ணிக்கை தவறும்.

## காதை அடகு வைப்பது

85 டெசிபலில் எட்டு மணி நேரம்தான் எல்லை என்கிறது வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் பதினைந்தே நிமிடம். பயிற்சி அறையில் நாங்கள் மூன்று மணி நேரம் இருப்போம். இசைக்கலைஞர்களுக்கென்று விற்கும் காதடைப்பான் வாங்குங்கள், பஞ்சு செருகாதீர்கள். என் இடது காதில் இப்போதும் ஒரு மெல்லிய ரீங்காரம் இருக்கிறது, சுருதி எதிலும் சேராது.

நேற்று இரவு தம்பி புதுப் பதிவு அனுப்பினான். மூன்று பெடல்களைக் கழற்றிவிட்டானாம், மிட்ஸையும் ஏற்றியிருக்கிறான். இப்போது டிரம்ஸ் தெளிவாகக் கேட்கிறது. இரண்டாவது நிமிடத்திலிருந்து டிரம்மர் வேகம் பிடித்து ஓடுவதும் தெளிவாகக் கேட்கிறது. அதை அவனிடம் எப்படிச் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.