சுங்கை சிப்புட் குன்றோரத் தோட்ட வீடுகளின் வரலாற்றைத் தேடும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் 1900களின் முற்பகுதியில் எழுந்த ரப்பர் தோட்ட வீடொன்றின் கதையை அறிய விரும்புவோர், முதலில் அது குன்றில் எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொதுவாக மேட்டில் துரை எனப்பட்ட தோட்ட நிர்வாகியின் பங்களாவும், அதற்குக் கீழே கிராணி எனப்பட்ட எழுத்தரின் வீடும், தாழ்வான இடத்தில் தொழிலாளர் லயங்களும் (வரிசை வீடுகள்) அமைந்ததால், இருப்பிடமே அங்கு வாழ்ந்தவரின் தகுதியை ஓரளவு சொல்லிவிடும்.

அடுத்து, மாவட்ட நில அலுவலகத்தில் நிலப்பட்டாவைப் பாருங்கள். அது நிலம் கைமாறியதைக் காட்டுமே தவிர, வீடு கட்டப்பட்ட ஆண்டைச் சொல்லாது, இவ்வேறுபாட்டை மறக்கலாகாது. கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனிய அரசுக் கோப்புகளையும் பழைய வரைபடங்களையும் தேடலாம்.

லயங்களைப் பொறுத்தவரை மிகுந்த எச்சரிக்கை தேவை. 1948இல், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சிக்கு எதிராகக் காலனிய அரசு அறிவித்த அவசரகாலம் தொடங்கிய பின், பல தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் ஒன்றுதிரட்டப்பட்டன. ஆகவே, இன்று பழமையாகத் தோன்றும் வரிசை வீடுகள் அதற்குப் பிந்தியவையாகவும் இருக்கலாம். பெரிய தோட்டங்களைச் சிறு துண்டுகளாக்கி விற்ற தோட்டத் துண்டாடலும் பல குடும்பங்களை இடம்பெயர்த்தது. அதைத் தடுக்கவே, இவ்வூரில் பிறந்த அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார்.

எழுத்து ஆவணங்களில் தொழிலாளர் பெயர்கள் அரிதாகவே கிடைக்கும். எனவே, கோயில் நன்கொடைக் கல்வெட்டுகளையும் தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் உரிய அனுமதியுடன் படியெடுங்கள். பால்மரம் வெட்டிய (ரப்பர் மரங்களைக் கீறிப் பாலெடுத்த) முதியவர்களின் நினைவுகளை, அவர்கள் நலமாக இருக்கும்போதே, வேறெந்த வேலைக்கும் முன்பாக ஒலிப்பதிவு செய்யுங்கள்.